கிளப்பின் பணம் எங்கே கசிகிறது, பயிற்சியாளர் ஏன் வளரவில்லை: ஃபுட்பால் மேனேஜர் ஆன்லைன் ஆட்டத்தில் பிழை நீக்கும் வழிமுறை

நாங்கள் ஆறு பேர். கோத்தகிரியில் இருவர், குன்னூரில் இருவர், மஞ்சூரில் ஒருவர், கூடலூரில் ஒரு தம்பி. சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து ஃபுட்பால் மேனேஜரை ஆன்லைனில் ஒரே ஆட்டமாக ஆடுகிறோம். ஒரு கால்பந்துக் கிளப்பின் மேலாளராக இருந்து அதை நடத்தும் கணினி விளையாட்டு அது. இங்கிலாந்தின் ஆறாம் அடுக்கான நேஷனல் லீக் நார்த்தில் ஆளுக்கொரு கிளப்பை எடுத்துக்கொண்டு தொடங்கினோம். இப்போது நான்காவது சீசன். ஆட்டத்தை நடத்தும் கணினி என்னுடையது. அதனால் யாருடைய கிளப்பில் கோளாறு என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

வரும் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்குத் திரும்பச் சொல்வதைவிட, அறிகுறி வாரியாக எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. உங்கள் கிளப்பில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். நான் சொல்லும் திரைகள் 2024 பதிப்பில் உள்ளவை. 2025 பதிப்பைக் கைவிடுவதாக அதைத் தயாரிப்பவர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். அடுத்த பதிப்பு 2025 நவம்பர் 4 அன்றுதான் வந்தது. எங்களைப் போலப் பழைய பதிப்பிலேயே ஆட்டத்தைத் தொடர்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

அறிகுறி: ஆகஸ்டில் கையிருப்பு நன்றாக இருந்தது, ஜனவரியில் சிவப்பில் நிற்கிறது

பதற வேண்டாம். இது பல நேரங்களில் கோளாறே அல்ல. சீசன் டிக்கெட் பணம் சீசன் தொடக்கத்தில் மொத்தமாக வந்துவிடும். பரிசுத் தொகை பெரும்பாலும் கடைசியில் வரும். நடுவில் உள்ள மாதங்களில் உள்ளூர் ஆட்டங்களின் வசூலும் விளம்பரதாரர் பணமும்தான் வண்டியை ஓட்ட வேண்டும். ஊதியமோ மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா கொழுந்துக் கணக்கை நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டில் எழுதிவருகிறார். நாள், கிலோ, வாங்கிய முன்பணம், உரச் செலவு என்று நான்கு கோடு. பனி விழும் ஜனவரியில் கிலோக் கணக்கு இறங்கிவிடும். மழைக்குப் பிறகு ஏறும். ஜனவரிப் பக்கத்தை மட்டும் பார்த்தால் தோட்டத்தை விற்றுவிடலாம் என்றே தோன்றும். அப்பா ஜனவரியை டிசம்பரோடு ஒப்பிட மாட்டார். போன ஆண்டின் ஜனவரிப் பக்கத்தைத் திருப்பி அதோடுதான் ஒப்பிடுவார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளிலும் கையிருப்பை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்த ஜனவரியை போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள். அதைவிட மேலாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கீழே இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள். முதல் சீசனில் ஒப்பிட முந்தைய கணக்கு கிடையாது. அப்போது நிதிப் பக்கத்தில் வரும் எதிர்கால இருப்புக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு மே மாத முடிவில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அறிகுறி: ஊதிய வரம்புக்குள்தான் இருக்கிறேன், ஆனாலும் மாதாமாதம் நட்டம்

கூடலூர்த் தம்பியின் கிளப்பில் இதுதான் நடந்தது. "அண்ணா, நிர்வாகக் குழு கொடுத்த வரம்பை ஒரு பவுண்டுகூடத் தாண்டவில்லை, பிறகு எப்படி?" என்று கேட்டான். செலவுப் பக்கத்தைத் திறந்து வரி வரியாக வாசிக்கச் சொன்னேன். வீரர் ஊதியம் என்ற வரியை வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். அதற்குக் கீழே போனஸ் என்று ஒரு வரி, ஒப்பந்தக் கையெழுத்துத் தொகை என்று ஒரு வரி, விசுவாசத் தொகை என்று ஒரு வரி, முகவர் கட்டணம் என்று ஒரு வரி. எல்லாமே வீரர்களுக்காகவும் அவர்களைக் கொண்டுவந்தவர்களுக்காகவும் கிளப் கொடுக்கும் பணம்தான்.

அவனுடைய முன்கள வீரர் ஒருவரின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தோம். வார ஊதியம் 400 பவுண்டு. களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 150 பவுண்டு. ஒரு கோலுக்கு 100 பவுண்டு. இப்போது கணக்கைப் போடுங்கள். ஊதியம் 52 வாரத்துக்கு 20,800. அந்த லீக்கில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். அனைத்திலும் இறங்கினால் 6,900. அவர் 18 கோல் அடித்திருந்தார், அதற்கு 1,800. ஆக மொத்தம் 29,500 பவுண்டு. ஊதியத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 400 பவுண்டு ஆள் என்று நினைத்து எடுத்தவர் உண்மையில் வாரத்துக்கு 567 பவுண்டு ஆள். இப்படிப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். இறங்காமல் பெஞ்சில் இருந்தால்கூட ஒரு தொகை என்று மூவருக்கு எழுதிக் கொடுத்திருந்தான்.

திருத்தும் முறை இது. எழுதிய ஒப்பந்தத்தைச் சீசன் நடுவில் அப்படியே மாற்ற முடியாது, புதிதாகப் பேசித்தான் மாற்ற வேண்டும். முதலில் வீரர்களின் ஒப்பந்தங்களை முடியும் தேதி வரிசையில் அடுக்குங்கள். இந்த ஜூனில் முடிபவர்களோடு மட்டும் இப்போது பேசுங்கள். பேச்சுவார்த்தைத் திரையில் ஒவ்வொரு நிபந்தனையையும் நீக்கலாம், நீக்கியதைப் பூட்டும் வசதியும் உண்டு. முதல் வேலையாகக் களமிறங்கும் தொகையை நீக்கிப் பூட்டுங்கள். அதற்கு ஈடாக வார ஊதியத்தை உயர்த்திக் கொடுங்கள். மேலே சொன்ன ஆளுக்கு 450 கொடுத்து, ஆட்டத்தொகையையும் கோல் தொகையையும் எடுத்துவிட்டால் ஆண்டுக்கு 23,400தான் ஆகும். கிளப்புக்கு 6,100 பவுண்டு மிச்சம்.

எல்லாருக்கும் இந்த முறை பொருந்தாது. அடிக்கடி காயம் அடைபவருக்கும், ஆண்டுக்குப் பத்து ஆட்டம் மட்டும் இறக்கப்போகும் மூத்தவருக்கும் குறைந்த ஊதியமும் ஆட்டத்தொகையும் கொடுப்பதே கிளப்புக்கு நல்லது. ஆடாதபோது அந்தத் தொகை போகாது. தவறாமல் இறங்கும் பதினொருவரிடம்தான் அது கசிவாகிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் பூட்டினால் முகவர் பொறுமை இழந்து எழுந்து போய்விடுவார். இரண்டைப் பூட்டினால் ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனைக்கு மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அணியில் அதிக ஊதியம் வாங்குபவருக்கு இணையாக என்னுடையதும் ஏற வேண்டும் என்பது அது. அதில் கையெழுத்துப் போட்டபின் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பெரிய வீரருக்கும் இரண்டு ஊதியம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். மூவருக்கு அந்த நிபந்தனை இருந்தால் நான்கு ஊதியம்.

அறிகுறி: நல்ல விலைக்கு வீரரை விற்றேன், வாங்குவதற்குப் பணம் வரவில்லை

மூன்று இடங்களைப் பாருங்கள். விற்பனை தவணையில் நடந்ததா? கொழுந்தை இந்த மாதம் ஏற்றிவிட்டு அடுத்த மாதம் பணம் வாங்குவது போலத்தான் இதுவும். பழைய கிளப்புக்கு மறுவிற்பனையில் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் இருந்ததா? விற்ற பணத்தில் எத்தனை விழுக்காட்டை உங்கள் கையில் கொடுப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது? கடைசியில் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிளப் கடனில் இருந்தால் அந்த விழுக்காடு இறங்கும். விற்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டு, இதனால் என் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: கொள்முதல் நிதியை ஊதியப் பக்கம் தள்ளினேன், அடுத்த ஆண்டு மூச்சு முட்டுகிறது

கொள்முதல் நிதி ஒருமுறை வருவது. ஊதியம் ஒப்பந்தம் முடியும்வரை போவது. வாரம் 1,000 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 52,000. மூன்றாண்டு ஒப்பந்தம் என்றால் 1,56,000. திரையில் நிதியை ஊதியப் பக்கம் தள்ளும் பட்டையை இழுக்கும்போது இந்த மூன்றாவது எண்ணைத் தாளில் எழுதிவிட்டு இழுங்கள். அதற்குப் பதில் ஓராண்டு ஒப்பந்தம் எழுதி, நீட்டிக்கும் உரிமையைக் கிளப்பிடம் வைத்துக்கொள்ளலாம். இரவல் வீரர் என்றால் அவருடைய ஊதியத்தில் பாதியைச் சொந்தக் கிளப்பே ஏற்கும்படிப் பேசலாம்.

அறிகுறி: மேல் லீக்குக்கு ஏறினோம், வருமானம் கூடியது, நட்டமும் கூடியது

ஏறிய மகிழ்ச்சியில் யாரும் ஒப்பந்தங்களைத் திறந்து பார்ப்பதில்லை. முன்பு சுலபமாக எழுதிக் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் இப்போதுதான் வெளிவருகின்றன. மேலேறினால் ஊதிய உயர்வு என்பது அவற்றில் முதன்மையானது. 25 விழுக்காடு என்று இருபது பேருக்கு எழுதியிருந்தால் நான்கு பேரின் ஊதியம் கொடுத்த இடத்தில் ஐந்து பேருடையதைக் கொடுக்க வேண்டும். புதிதாக ஓர் ஆளையும் எடுக்காமலே ஊதியச் செலவு நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். ஆண்டுதோறும் உயர்வு என்ற நிபந்தனையும் கூட இருந்தால் அதன்மேல் இது ஏறும்.

இதற்கு மருந்து ஏறுவதற்கு முன்பே இருக்கிறது. மார்ச் மாதத்தில் பட்டியலின் முதல் மூன்று இடங்களுக்குள் நின்றால் அன்றைக்கே உட்கார்ந்து அடுத்த லீக்கின் ஊதியப் பட்டியலைப் போடுங்கள். மேலே போனால் ஆடப்போவது யார், பெஞ்சுக்குப் போகப்போவது யார் என்று பிரித்து, இரண்டாம் வகையினரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுங்கள். மனசு கேட்காது. மூன்று ஆண்டுகள் நமக்காக ஓடியவர்கள். ஆனால் அவர்களை வைத்துக்கொண்டு கிளப்பைக் கடனில் தள்ளினால் அவர்களுக்கும் அது நல்லதல்ல. மேலேறினால் உயர்வு என்று எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கீழிறங்கினால் குறைவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் ஒரே விழுக்காடாக இருக்கட்டும்.

பகுதிநேரக் கிளப் முழுநேரமாக மாறும் கட்டமும் இதே போன்றது. பயிற்சி நேரம் கூடும், அதோடு வீரர்கள் எதிர்பார்க்கும் ஊதியமும் கூடும். நிர்வாகக் குழு அனுமதித்த மறுநாளே அனைவருக்கும் புது ஒப்பந்தம் எழுதத் தேவையில்லை.

முற்றிலும் திவாலாகி நிர்வாகம் வெளியார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று மஞ்சூர்க்காரர் ஒருமுறை கேட்டார். இங்கிலாந்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் அடுக்குகளில் நிஜத்திலேயே அதற்கு 12 புள்ளிகள் வெட்டு. ஒரு சீசனின் உழைப்பில் நான்கு வெற்றிகள் போய்விடும்.

அறிகுறி: நல்ல பயிற்சியாளரை எடுத்தேன், நட்சத்திரம் ஏறவில்லை

பயிற்சியாளரின் தரத்தைக் காட்டும் நட்சத்திரங்கள் அவர் பார்க்கும் வேலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இறங்கும். ஒருவரையே தற்காப்பு நுட்பம், தாக்குதல் உத்தி, பந்தைக் கைவசம் வைத்திருத்தல் என்று மூன்றுக்கும் போட்டால் மூன்றிலும் அரைகுறைதான். முதலில் ஒருவருக்கு ஒரு வேலை என்று மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் உடனே மாறுவதைத் திரையிலேயே காணலாம். ஆள் போதவில்லை என்றால் பயிற்சியாளர் எண்ணிக்கை வரம்பை உயர்த்தும்படி நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள்.

அடுத்தது, பொருத்தமான ஆளைப் பொருத்தமான வேலைக்குப் போட்டிருக்கிறோமா என்பது. ஒவ்வொரு திறனுக்கும் ஆட்டம் 20-க்கு இத்தனை என்று ஓர் எண் கொடுக்கிறது. தற்காப்பு நுட்பத்துக்குத் தற்காப்பு, நுட்பம் என்ற இரண்டு எண்களும் வேண்டும். தாக்குதல் உத்திக்குத் தாக்குதல், உத்தி. உடல் வலுவுக்கும் வேகத்துக்கும் உடற்தகுதி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று எண்கள் உண்டு: மன உறுதி, கட்டுப்பாடு, ஊக்கமூட்டும் திறன். இந்த மூன்றும் 15-க்கு மேல் இருக்கும் ஓர் ஆள் கிடைத்தால் மற்ற எண்கள் சுமாராக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். எந்த வேலையில் போட்டாலும் நிற்பார்.

அறிகுறி: பயிற்சியாளர் இரண்டு சீசனாக அப்படியே நிற்கிறார், வளரவில்லை

என் மனதுக்கு நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

கோத்தகிரி காந்தி மைதானத்தில் எங்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் அண்ணன். பகலில் வேறு வேலை, மாலையில் மைதானம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி சான்றிதழ் வகுப்புக்குத் தன் கைக்காசைப் போட்டுப் போய்வந்தார். போவதற்கு முன்பும் அவர் நல்ல பயிற்சியாளர்தான். வந்த பிறகு எங்களை வரிசையாக நிறுத்தி ஓடவிடுவதை நிறுத்திவிட்டார். சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அதிக முறை வரும்படி ஆடவைத்தார். ஒரு சான்றிதழ் ஒரு மனிதரை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அதற்கான செலவை அவருக்குக் கொடுக்க ஊரில் ஒரு கிளப்பும் இல்லை. இந்த ஆட்டத்தில் அது நம் கையில் இருக்கிறது.

ஆட்டத்தில் சான்றிதழ் ஏணி இப்படிப் போகிறது. சான்றிதழ் இல்லாதவர் அடிப்படியில் நிற்கிறார். அடுத்து தேசிய சி, தேசிய பி, தேசிய ஏ. அதற்கு மேல் கண்டம் முழுவதுக்குமான சி, பி, ஏ. உச்சியில் கண்டம் முழுவதுக்குமான புரோ. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஒரு படியை முடித்தவர் அடுத்த படிக்குத் தானாகப் போவதில்லை. நீங்கள் அனுப்ப வேண்டும், அல்லது அவரே வந்து கேட்கும்போது ஒப்புக்கொள்ள வேண்டும். "வளரவில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான். எடுத்த நாளில் ஒரு படிப்புக்கு அனுப்பிவிட்டு, அது முடிந்த செய்தியைப் படிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள். எனவே முதல் சோதனை, அவருடைய பக்கத்தைத் திறந்து இப்போது எந்தச் சான்றிதழ் இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறாரா என்று பார்ப்பது.

இரண்டாவது சோதனை, அவருக்கு வளர இடம் இருக்கிறதா என்பது. வீரர்களைப் போலவே பயிற்சியாளர்களுக்கும் இப்போதைய திறன், எட்டக்கூடிய திறன் என்று 200 வரையான இரண்டு மறைவான எண்கள் உண்டு. திரையில் அவை தெரியாது. ஊகிக்கத்தான் வேண்டும். என் வழி எளியது. படிப்புக்கு அனுப்பும் நாளில் அவருடைய பண்பு எண்களை ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். படிப்பு முடிந்து சில மாதம் கழித்து மீண்டும் எழுதுகிறேன். இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்தால், நான்கு ஐந்து எண்கள் ஒவ்வொரு புள்ளி ஏறியிருந்தாலும் இவர் இன்னும் வளருவார் என்று வைத்துக்கொள்வேன். இரண்டு படிப்பு முடிந்தும் எதுவும் அசையவில்லை என்றால் அவர் தன் உயரத்தை எட்டிவிட்டார். அவரை வெளியேற்ற வேண்டியதில்லை, இருக்கும் தரத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த படிப்புச் செலவை இளையவருக்குத் திருப்புங்கள்.

யாரை எடுப்பது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. உச்சிச் சான்றிதழோடு வருபவரை நம் கிளப் தாங்காது. நான் தேடும் ஆள் 35 வயதுக்குள், தேசிய சி சான்றிதழோடு அல்லது ஒன்றுமே இல்லாமல், மன உறுதியும் கட்டுப்பாடும் 14-க்கு மேல். தேடல் பக்கத்தில் இந்த வடிகட்டியைப் போட்டால் நூறு பேரில் மூவர் நால்வர் நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம் ஒரு பெஞ்சு வீரரின் ஊதியத்தைவிடக் குறைவு.

இன்னொரு ஊற்றும் உண்டு. ஓய்வை நெருங்கும் உங்கள் சொந்த வீரர்களைப் பாருங்கள். பயிற்சியாளராகும் விருப்பம் உள்ளவர்கள் அதைத் தெரிவிப்பார்கள். குன்னூர் நண்பர் தன் பழைய நடுக்களத் தலைவரை அப்படி வைத்துக்கொண்டார். மன உறுதி 18. இரண்டு படிப்பு முடிந்து இப்போது அவர்தான் அந்தக் கிளப்பில் இளையோருக்கு எல்லாம். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனில் அனுப்பினால் மூன்றாம் சீசனில்தான் பலன் வீரர்களிடம் தெரியும். தேயிலைக் கன்று நட்டு மறுமாதம் கொழுந்து கேட்க மாட்டோம், இங்கேயும் அந்தப் பொறுமை வேண்டும்.

அறிகுறி: படிப்புக்கு அனுப்பக் கேட்டால் நிர்வாகக் குழு மறுக்கிறது

கிளப் சிவப்பில் இருக்கும்போது கேட்டால் மறுப்பார்கள். சீசன் டிக்கெட் பணம் வந்து இறங்கிய பிறகு கேளுங்கள். ஒரு நல்ல வெற்றி வரிசைக்குப் பின், குழு உங்கள்மீது மகிழ்ச்சியாக இருக்கும்போது கேளுங்கள். ஐவருக்கும் ஒரே சமயத்தில் கேட்காதீர்கள். வளர அதிக இடம் உள்ள ஒருவருக்கு முதலில். மேலாளரான உங்களுக்கும் சான்றிதழ் படிப்பு உண்டு. அதையும் குழுவிடமே கேட்க வேண்டும்.

அறிகுறி: படிக்கவைத்தேன், முடித்ததும் வேறு கிளப்புக்குப் போய்விட்டார்

ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்க்காமல் படிப்புக்கு அனுப்பியதால் வந்த வினை. முறை வரிசையை மாற்றுங்கள். முதலில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தை நீட்டுங்கள், அதில் அவர் கையெழுத்திட்ட பின்பு படிப்பைத் தொடங்குங்கள். ஒப்பந்தக் காலத்தில் பெரிய கிளப் அழைத்தால் ஈட்டுத்தொகையாவது உங்களுக்கு வரும். அந்தத் தொகையை வேறு எதிலும் போடாமல் அடுத்த இரண்டு பயிற்சியாளர்களுக்கு ஒதுக்குங்கள். போனவர் மீது வருத்தம் வேண்டாம். நம்மிடம் வளர்ந்தவர் மேல் லீக்கில் நிற்கிறார்.

அறிகுறி: ஆண்டுதோறும் இளையோர் வருகிறார்கள், ஒருவரும் தேறவில்லை

இங்கிலாந்தில் புதிய இளையோர் கூட்டம் மார்ச் மாதவாக்கில் வரும். அவர்களின் குணத்தில் இளையோர் வளர்ச்சித் தலைவரின் குணம் பிரதிபலிக்கும். ஆகவே அந்தப் பதவிக்கு எண்களைவிடக் குணத்தைப் பார்த்து ஆளெடுங்கள். உறுதியும் தொழில்பக்தியும் உள்ளவர் என்று குணவிவரணை வந்தால் போதும். மார்ச்சுக்குச் சில மாதம் முன்பே அவர் பதவியில் இருக்க வேண்டும். பிறகு, இளையோருடன் பழகும் திறன் எண் அதிகமுள்ள பயிற்சியாளரை முதல் அணியிலிருந்து எடுத்து இளையோர் அணிக்கு மாற்றுங்கள். இளையோர் பயிற்சிக்கான ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்பது மூன்றாவது வேலை. ஒதுக்கீட்டை முதலில் கேட்டு ஆளைக் கடைசியில் தேடுவது தலைகீழ்.

அறிகுறி: நண்பர்களுக்குள் விற்று வாங்கினோம், எல்லார் கணக்கும் குழம்பிவிட்டது

ஆன்லைனில் பலர் ஆடும்போது மட்டும் வரும் நோய் இது. கையிருப்பு குறைந்த நண்பருக்கு உதவுவதாக நினைத்து அவருடைய சாதாரண வீரரைப் பல மடங்கு விலைக்கு வாங்குவோம். அந்தப் பணத்தில் அவர் ஊதியத்தை ஏற்றிவிடுவார். அடுத்த ஆண்டு அந்த உதவி வராது, ஊதியம் மட்டும் நிற்கும். எங்களிடையே இப்போது ஒரே ஒரு விதி இருக்கிறது. ஆறு கிளப்புகளுக்குள் நடக்கும் எந்த விற்பனைக்கும், அதே வீரருக்கு வெளிக் கிளப் ஒன்று கொடுத்த விலையைக் காட்ட வேண்டும். அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. இரவல் கொடுத்து வாங்குவதற்குத் தடை இல்லை. தொடக்கத்தில் ஆட்டத்தை உருவாக்கும்போதே, ஆட்டத்தினுள் எண்களைத் திருத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு சந்தேகத்துக்கே இடமிருக்காது.

அறிகுறி: ஆட்டம் நகராமல் நிற்கிறது, அல்லது பாதியில் போய்விட்டது

நிற்கிறது என்றால் யாரோ ஒருவர் தொடர்வதற்கான பொத்தானை அழுத்தவில்லை. யாரென்று திரை காட்டும். நடத்துபவர் நேர வரம்பு வைத்துவிட்டால் இது பாதி குறையும். உள்ளே சேரவே முடியவில்லை என்றால் எல்லாருடைய கணினியிலும் ஒரே புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதியில் போவதற்கு எங்கள் மலையில் காரணம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் அன்றிரவு ஆட்டம் முடிந்தது. ஆட்டம் நடத்துபவரின் கணினியில்தான் ஓடுகிறது, அவர் போனால் ஆறு பேரும் போகிறார்கள். ஜூன் தொடங்கியதும் தானியங்கிச் சேமிப்பை வாரம் ஒருமுறை என்று மாற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக எழுதாமல் மூன்று கோப்புகள் சுழலும்படி வைத்துக்கொள்கிறேன். ஒரு கோப்பு கெட்டாலும் முந்தையது இருக்கும். சீசன் முடியும் நாளிலும், யாராவது முக்கியமான ஒப்பந்தம் எழுதிய இரவிலும் தனியாக ஒரு நகலை வெளி வட்டில் எடுத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் உடனே தொடங்க வேண்டாம். கடைசிச் சேமிப்பின் தேதியை ஆறு பேருக்கும் அனுப்பி, அதற்குப் பின் யார் யார் என்ன கையெழுத்திட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதே வரிசையில் மீண்டும் செய்தபின் தொடருங்கள்.